அடியில்லாத கூடை

நாற்பத்து மூன்று வயதில் ஒரு தமிழாசிரியை கூடைப்பந்து பழகப் புகுந்தாள் என்றால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்; நானும் சிரித்தவள்தான். எங்கள் கல்லூரி மகளிர் அணி மண்டலப் போட்டிக்காக வெளியூர் செல்லவேண்டியிருந்தது. பெண் ஆசிரியர் ஒருவர் உடன் செல்லவேண்டும் என்பது விதி. உடற்கல்வித் துறையில் பெண்கள் எவரும் இல்லை. துறைத்தலைவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "நீங்கதாம்மா போகணும்" என்று என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார். திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு ஒன்றைத் துணைக்கு எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். இரண்டு நாள்களில் ஒரு தாளைக்கூடத் திருத்தவில்லை. திண்ணையில் உட்கார்ந்து தெருக்கூத்துப் பார்க்கும் குழந்தையைப்போல் ஆடுகளத்தின் ஓரத்தில் வாய்பிளந்து உட்கார்ந்திருந்தேன் என்பதுதான் உண்மை.

திரும்பி வந்த வாரம் உடற்கல்வி இயக்குநரிடம் போய், நானும் பழகலாமா என்று கேட்டேன். அவர் மறுக்கவில்லை. மாலை ஐந்து மணிக்குமேல் வரச் சொன்னார். முதல் நாள் ஒரு மாணவி எறிந்த பந்தைப் பிடித்துவிட்டேன். பிடித்துவிட்ட மகிழ்ச்சியில் நான்கைந்து எட்டு ஓடினேன். சிமெண்டுத் தளத்தின் நான்கு புறமிருந்தும் "அம்மா, டிராவல்!" என்று கூக்குரல் எழுந்தது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக்கூடாதாம். தரையில் தட்டிக்கொண்டே போகலாம்; நின்ற இடத்திலிருந்து பிறருக்கு எறியலாம்; ஒரு காலை ஊன்றி மற்றதைச் சுழற்றலாம். ஓட மட்டும் கூடாது. "ஏன் ஓடக்கூடாது?" என்று கேட்டேன். "ரூல் அப்படித்தாம்மா" என்றார்கள். இலக்கணம் நடத்தும்போது நான் சொல்லும் அதே பதில்.

அந்த ஒரு வினாவின் பின்னால் போனபோதுதான், நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், வகுப்பறையில் தோற்றுப்போய்க்கொண்டிருந்த ஓர் ஆசிரியரைச் சந்தித்தேன். உலகின் பெரும்பாலான விளையாட்டுகளுக்குத் தாய்தந்தையர் யாரென்று தெரியாது. நாட்டுப்புறப் பாடல்களைப்போல அவை எங்கோ பிறந்து, எவராலோ வளர்க்கப்பட்டு, பிறகு ஒருநாள் விதிப்புத்தகம் ஏறுகின்றன. கூடைப்பந்து அப்படியன்று. அதற்கு ஆசிரியர் உண்டு, ஆண்டு உண்டு, மாதம் உண்டு. இரண்டு பக்கத் தட்டச்சுப்படிகூட உண்டு. தனிப்பாடலுக்கும் நாட்டுப்பாடலுக்கும் உள்ள வேறுபாடு என்று வைத்துக்கொள்ளலாம்.

1891ஆம் ஆண்டின் இலையுதிர்காலம். ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. உடற்கல்வி ஆசிரியர்களும், இயக்கத்தின் கிளைகளை நிருவகிக்கப்போகும் செயலாளர்களும் அங்கே உருவாக்கப்பட்டார்கள். அந்தச் செயலாளர் வகுப்பில் பதினெட்டுப் பேர். சிறுவர்கள் அல்லர், வளர்ந்த ஆண்கள், நிருவாகம் படிக்க வந்தவர்கள். அவர்களும் நாள்தோறும் ஒரு மணிநேரம் உடற்பயிற்சிக் கூடத்துக்கு வந்தே ஆகவேண்டும் என்பது பள்ளியின் கட்டளை. குளிர் வருமுன் கால்பந்து வகை ஆட்டங்கள், வசந்தத்தில் பேஸ்பால்; இரண்டுக்கும் நடுவே, வெளியே பனி உறைந்து கிடக்கும் மாதங்களில், கூடத்துக்குள் அணிநடையும் கைகால் நீட்டி மடக்கும் பயிற்சியும் கருவிகளில் தொங்குவதும்தான். திறந்த வெளியில் மோதி விளையாடிப் பழகிய ஆண்களுக்கு அது தண்டனையாக இருந்தது. இரண்டு ஆசிரியர்கள் அடுத்தடுத்து அந்த வகுப்பை எடுத்துக் கைவிட்டார்கள்.

இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். பி.காம். மாணவர்களுக்குப் பகுதி ஒன்று தமிழ் நடத்தியவர்களுக்கு இந்தக் கதை புதிதன்று. உணவு இடைவேளைக்குப் பிந்தைய முதல் மணிநேரம், எழுபது பேர், கட்டாயப் பாடம், மதிப்பெண் பட்டியலில் தவிர வேறெங்கும் இதனால் தங்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று உறுதியாக நம்பும் முகங்கள். அவர்கள் கலகம் செய்வதில்லை. செய்தால்கூட நன்றாக இருக்கும். பணிவாக, அமைதியாக, நம்மைத் தாண்டிச் சன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இருபது ஆண்டுகளாக அந்த மணிநேரத்தை நான் அறிவேன்.

பள்ளியின் உடற்கல்வித் துறைக்குத் தலைவர் லூதர் குலிக். அவருக்கு அப்போது இருபத்தாறு வயது. மூன்றாவதாக அந்த வகுப்பை அவர் கட்டிவிட்டது தன்னைவிட நான்கு வயது மூத்தவரான ஜேம்ஸ் நெய்ஸ்மித் தலையில். கருத்தரங்கு ஒன்றில் குலிக், புதியது என்று உலகில் ஏதுமில்லை, புதியனவாகத் தோன்றுபவை எல்லாம் பழையவற்றின் புதுச் சேர்க்கைகளே என்று பேசியிருக்கிறார். அப்படியானால் பழைய விளையாட்டுகளின் கூறுகளைச் சேர்த்துப் புதிய விளையாட்டு ஒன்றையும் ஆக்கிவிடலாமே என்று நெய்ஸ்மித் வாய்விட்டுவிட்டார். துறைக்கூட்டங்களில் யோசனை சொல்பவர் தலையிலேயே வேலை விழும் என்பது அமெரிக்காவிலும் மாறாத விதி போலும். வகுப்பைக் கொடுத்த குலிக், அந்தப் புதிய விளையாட்டை உருவாக்க இதுவே நல்ல நேரம் என்றாராம். கெடு இரண்டு வாரம்.

நெய்ஸ்மித் கனடா நாட்டவர். ஒன்டாரியோ மாகாணத்து ஆல்மான்ட் என்ற ஊரின் அருகே 1861இல் பிறந்தார். ஒன்பது வயதில், 1870இல், டைஃபாய்டு காய்ச்சலில் தாயும் தந்தையும் போய்விட, மாமன் வீட்டில் வளர்ந்தார். பள்ளியைப் பாதியில் விட்டுச் சில ஆண்டுகள் மரம் வெட்டும் முகாம்களில் உழைத்தார். பிறகு மீண்டும் படிப்புக்குத் திரும்பி, மான்ட்ரியால் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பட்டமும் தொடர்ந்து இறையியலும் பயின்றார். பாதிரியாராக வேண்டியவர். ஒருமுறை கால்பந்துக் களத்தில் அருகிலிருந்த ஆட்டக்காரர் ஆத்திரத்தில் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு, இவர் இருப்பதைக் கண்டு உடனே மன்னிப்புக் கேட்டாராம். பிரசங்க மேடையில் நின்று செய்ய நினைத்ததை ஆடுகளத்தில் நின்றும் செய்யலாம் என்று அவருக்கு அப்போது தோன்றியது. 1890இல் ஸ்பிரிங்ஃபீல்டு வந்து சேர்ந்தார்.

வகுப்பை ஏற்ற நெய்ஸ்மித் முதலில் எல்லா ஆசிரியர்களும் செய்வதையே செய்தார்: பழைய பாடத்தைக் கொஞ்சம் மாற்றிப் பார்த்தார். சிறுவர் விளையாட்டுகள் சில. பத்து நிமிடத்தில் அலுத்துவிட்டன. கால்பந்தைக் கூடத்துக்குள் கொண்டுவந்தார், அடிபட்டது. அடுத்து லக்ராஸ். வலைமட்டையும் பந்துமாக ஆடும் அந்தக் கனடியர் விளையாட்டு நான்கு சுவருக்குள் வந்ததும் கைகளும் முகங்களும் காயம் கண்டன. கெடு முடியப்போகும் நாளில், வகுப்பு முடிந்து மாணவர்கள் உடைமாற்றும் அறைக்குப் போனபின், அந்த அறைக்கு நேர் மேலே இருந்த தன் அலுவலகத்துக்குக் குறுகிய படிகளில் களைப்போடு ஏறிப் போய் நாற்காலியில் சாய்ந்ததாக அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். கீழே அவர்கள் பேசிச் சிரிக்கும் ஒலி கேட்டுக்கொண்டிருந்திருக்கும். தன் வகுப்பில் ஒருபோதும் எழாத அந்தச் சிரிப்பை, வகுப்பு முடிந்த மறுகணம் நடைவழியில் கேட்கும் ஆசிரியரின் நிலை எனக்குத் தெரியும்.

அந்த நாற்காலியில் அவர் செய்த காரியமே என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. விளையாட்டுகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதை விட்டுவிட்டு, விளையாட்டு என்றால் என்ன என்று இலக்கண ஆசிரியனைப்போல் யோசிக்கத் தொடங்கினார். குழு விளையாட்டுகள் எல்லாவற்றுக்கும் பொதுவானது எது? பந்து. சிறிய பந்து என்றால் அதை அடிக்க மட்டை வேண்டும், மட்டை கடினம், உட்கூடத்தில் ஆபத்து. ஆகவே பெரிய பந்து, கையால் ஆளக்கூடியது. அடுத்த வினா: பெரிய பந்து ஆட்டங்களில் முரட்டுத்தனம் எங்கிருந்து வருகிறது? அமெரிக்கக் கால்பந்தில் ஒருவனை ஏன் மோதிக் கீழே தள்ளுகிறார்கள்? அவன் பந்தோடு ஓடுகிறான்; அவனை நிறுத்த வேறு வழியில்லை. அப்படியானால் அவன் ஓடவே கூடாது என்று வைத்துவிட்டால்? ஓடாதவனைத் தள்ளவேண்டிய தேவை இல்லை. பந்து கையில் வந்தால் அந்த இடத்திலிருந்தே எறிந்துவிட வேண்டும். இது தோன்றியதும் விரல் சொடுக்கிக்கொண்டாராம்.

"ஏன் ஓடக்கூடாது?" என்ற என் வினாவுக்கு விடை கிடைத்தது. அந்த விதி அலங்காரமன்று. ஆட்டத்தின் வேரே அதுதான். ஒருவர் மீது ஒருவர் பாயாமல் இருப்பதற்காகப் பந்து வைத்திருப்பவர் தம் கால்களைக் கட்டிக்கொள்கிறார். எங்கள் இயக்குநரிடம் மறுநாள் இதைச் சொன்னேன். முப்பது ஆண்டுகளாக இந்த விளையாட்டோடு வாழ்கிறவர். "இதை யாரும் என்கிட்ட சொன்னதில்லைங்கம்மா" என்றார்.

இலக்கு எப்படி இருக்கவேண்டும் என்பது அடுத்த சிக்கல். நெட்டுக்குத்தான கம்பங்களுக்கிடையே பந்தைச் செலுத்துவதென்றால் வேகமாக எறிபவனே வெல்வான், மீண்டும் முரட்டுத்தனம். இங்கே அவருக்குப் பிள்ளைப்பருவத்து ஆட்டம் ஒன்று நினைவுக்கு வந்தது. பெரும்பாறை ஒன்றின்மேல் சிறு கல்லை வைப்பார்கள். அதற்கு 'வாத்து' என்று பெயர். ஒருவன் காவல். மற்றவர்கள் தூரத்திலிருந்து தம் கற்களை எறிந்து வாத்தை வீழ்த்த வேண்டும். காவல்காரன் தொடுமுன் எறிந்த கல்லை எடுத்துக்கொண்டு ஓடிவந்துவிட வேண்டும். வேகமாக விட்டெறிபவனின் கல் குறி தவறினால் எங்கோ போய் விழும், அவன் அகப்படுவான். மெல்ல வளைத்து மேலே எழுப்பி எறிபவனின் கல் பாறையருகிலேயே விழும், அவன் தப்புவான். ஆக, இலக்கின் வாய் வானத்தைப் பார்த்திருந்தால் பந்தை வளைத்துத்தான் எறியமுடியும்; வலிமையைவிட நிதானம் வெல்லும். இலக்கைத் தரையில் வைத்தால் எதிரணியினர் சுற்றி நின்று அடைத்துவிடுவார்களே? சரி, தலைக்குமேலே தூக்கிவிடுவோம். அப்பனும் அம்மையும் இல்லாத சிறுவன் ஒன்டாரியோக் கிராமத்தில் கல்லெறிந்து விளையாடியது இருபது ஆண்டுகள் கழித்து இப்படி வந்து உதவியது.

மறுநாள் காலை பள்ளியின் பணியாளர் ஸ்டெபின்ஸிடம் பதினெட்டு அங்குலச் சதுரப் பெட்டிகள் இரண்டு கேட்டார். பெட்டி இல்லை, பீச் பழக் கூடைகள் இரண்டு இருக்கின்றன என்று ஸ்டெபின்ஸ் எடுத்துவந்தார். கூடத்தைச் சுற்றி மேலே ஓடிய மாடத்தின் கீழ்ச்சட்டத்தில் பக்கத்துக்கு ஒன்றாக ஆணியடித்து மாட்டினார்கள். அந்தச் சட்டம் தரையிலிருந்து பத்து அடி உயரத்தில் இருந்தது. இன்று உலகெங்கும், என் தலைக்குமேல் எங்கள் கல்லூரியிலும், வளையம் இருப்பது அதே பத்து அடி உயரத்தில். எந்த அறிவியல் கணக்கும் இல்லை. ஒரு தச்சன் மாடம் கட்டிய உயரம். ஸ்டெபின்ஸிடம் பெட்டிகளே இருந்திருந்தால் நாம் இன்று பெட்டிப்பந்து ஆடிக்கொண்டிருப்போம்.

பதின்மூன்று விதிகளை நெய்ஸ்மித் எழுதிக் கொடுக்க, அலுவலகத்தில் தட்டச்சு செய்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். 1891 டிசம்பர் 21 என்பது பொதுவாகச் சொல்லப்படும் நாள். வகுப்பின் கலகத் தலைவரான ஃபிராங்க் மஹன் உள்ளே வந்து கூடைகளை அண்ணாந்து பார்த்து, 'இன்னொரு புது ஆட்டமா' என்ற தோரணையில் சலித்துக்கொண்டாராம். அணிக்கு ஒன்பது பேர், பந்து, கால்பந்து. வில்லியம் சேஸ் என்பவர் சுமார் இருபத்தைந்து அடி தூரத்திலிருந்து எறிந்தது கூடையில் விழுந்தது. அந்த ஆட்டம் முழுவதிலும் விழுந்தது அது ஒன்றுதான். விழுந்த பந்து தானே கீழே வராது. கூடைக்கு அடி உண்டல்லவா? ஏணி வைத்து எடுத்தார்கள்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊர் போன மாணவர்கள் ஆட்டத்தையும் கொண்டு போனார்கள். சலித்துக்கொண்ட அதே மஹன் தான், இதற்கு 'நெய்ஸ்மித் பந்து' என்று பெயரிடலாம் என்று வந்து கேட்டார். அந்தப் பெயர் எந்த ஆட்டத்தையும் கொன்றுவிடும் என்று ஆசிரியர் சிரித்தார். கூடையும் இருக்கிறது, பந்தும் இருக்கிறது, ஏன் கூடைப்பந்து என்று வைக்கக்கூடாது என்றார் மஹன். அறிவிப்புப் பலகையிலிருந்த மூலப்படியை நினைவுப்பொருளாக எடுத்துப்போய், பிறகு மனம் கேளாமல் திருப்பிக் கொடுத்தவரும் அவரே. அந்த இரண்டு தாள்கள் 2010 டிசம்பரில் நியூயார்க் ஏலத்தில் 43 லட்சம் டாலருக்குப் போயின. இப்போது கான்சாஸ் மாநிலம் லாரன்ஸில் காட்சிக்கு இருக்கின்றன.

இதுவரை சொன்னது பெரும்பாலும் நெய்ஸ்மித்தின் மறைவுக்குப்பின் 1941இல் வெளியான அவருடைய நூலின் வழி நாம் அறிவது. ஆனால் இதற்கு ஒரு பாடவேறுபாடும் இருக்கிறது. 1939 ஜனவரியில், தம் எழுபத்தேழாம் வயதில், நியூயார்க் வானொலி நிகழ்ச்சி ஒன்றில் அவர் பேசிய பதிவு 2015இல் வெளிச்சத்துக்கு வந்தது. அவருடைய குரல் நமக்குக் கிடைத்திருப்பது அந்தப் பதிவில்தான். அதில் அவர் சொல்லும் முதல் ஆட்டம் வேறு மாதிரியானது. விதிகள் போதவில்லையாம், இளைஞர்கள் பாய்ந்து உதைத்துக் குத்திக்கொண்டு கூடத்தின் நடுவே கைகலப்பில் இறங்கிவிட்டார்களாம், பிரித்துவிடுவதற்குள் ஒருவர் நினைவிழக்க, சிலருக்குக் கண் கறுக்க, ஒருவருக்குத் தோள் பிசகிவிட்டதாம். ஆனாலும் மறுபடி ஆடவேண்டும் என்று அவர்கள் நச்சரித்ததால் புதிய விதிகள் செய்தாராம். பந்தோடு ஓடக்கூடாது என்பதுதான் அவற்றில் முக்கியமானதாம்.

எது மூலபாடம்? நூலில் விதி முன்னே, ஆட்டம் பின்னே. வானொலியில் அடிதடி முன்னே, விதி பின்னே. சுவடி படித்தவள் என்ற முறையில் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். கூடைக்கு முந்தைய நாள்களில் கால்பந்தும் லக்ராஸும் ஆடிப் பட்ட காயங்கள் முதியவரின் நினைவில் முதல் ஆட்டத்தோடு கலந்திருக்கலாம். வானொலிக்காரர்களுக்குச் சுருக்கமான, சூடான கதை வேண்டியிருந்திருக்கும். அதேவேளை மூலப்படியின் ஐந்தாம் விதியைப் பாருங்கள்: தோளால் இடிப்பது, பிடித்திழுப்பது, தள்ளுவது, தடுக்கி வீழ்த்துவது, அடிப்பது எதுவும் கூடாது. இரண்டாம் முறை செய்தால் அடுத்த புள்ளி விழும்வரை வெளியே. நீதிநூல்கள் எதையெதை விலக்குகின்றனவோ அதையெல்லாம் அந்தக் காலத்தவர் செய்துகொண்டிருந்தார்கள் என்று கொள்வதே நம் வழக்கம். முதல் நாள் ஆட்டம் சாதுவாக நடந்தது என்று நான் நம்பத் தயாரில்லை. நெய்ஸ்மித்தின் வகுப்பு ஒரே நாளில் திருந்தியது என்றும்.

பிறகு நடந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். மாடத்தில் உட்கார்ந்த பார்வையாளர்கள் கை நீட்டி எதிரணியின் பந்தைத் தட்டிவிட்டார்கள். அவர்களைத் தடுக்கக் கூடைக்குப் பின்னால் தடுப்பு வைத்தார்கள். இன்று அந்தப் பலகையில் பட்டுத் தெறிக்கச் செய்து பந்தை வீழ்த்துவது தனிக் கலை. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதும் மூலவிதிகளில் இல்லை. நாற்புறமும் சூழப்பட்டவன் பந்தைத் தரையில் விட்டுத் தானே மறுபடி பிடித்தான். ஓடக்கூடாது என்றுதானே விதி, விட்டுப் பிடிக்கக்கூடாது என்று இல்லையே? மாணவர்கள் கண்டுபிடித்த ஓட்டை. ஆசிரியர் கடிந்துகொள்ளாமல் அதை ரசித்தார். 1897 வாக்கில் அணிக்கு ஐவர் என்று நிலைத்தது. கூடையின் அடி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் போயிற்று.

நான் நின்று சொல்ல விரும்புவது வேறொன்று. முதல் ஆட்டம் முடிந்து சில வாரங்களே ஆகியிருக்கும். அருகிலிருந்த பக்கிங்ஹாம் தொடக்கப்பள்ளி ஆசிரியைகள் சிலர் நண்பகல் உணவுக்காக அந்த வழியே போகும்போது கூடத்தில் எழுந்த ஆரவாரம் கேட்டு மாடத்து வாசலில் எட்டிப்பார்த்தார்கள். மறுநாளும் வந்தார்கள். பிறகு நெய்ஸ்மித்திடம், பெண்கள் இதை ஆடக்கூடாதா என்று கேட்டார்கள். ஆடக்கூடாது என்பதற்குக் காரணம் எதுவும் தமக்குத் தெரியவில்லை என்றார் அவர். 1892இல் தரைபுரளும் பாவாடையும் உப்பிய சட்டைக் கைகளுமாக அந்த ஆசிரியைகள் ஆடினார்கள். ஒரு பெண்மீது தவறு குறித்தபோது, அவள் திரும்பி நின்று நடுவரின் பூர்வோத்திரத்தையே விசாரித்துவிட்டதாக நெய்ஸ்மித் நகைச்சுவையோடு நினைவுகூர்கிறார். முதல் பெண்கள் ஆட்டத்தில் ஆடியவர்களுள் ஒருவர் மாட் ஷெர்மன். 1894இல் நெய்ஸ்மித்தை மணந்தார்.

ஆக, உலகில் முதன்முதலில் கூடைப்பந்து ஆடிய பெண்கள் பள்ளி ஆசிரியைகள்! உணவு இடைவேளையில் போய்ப் பார்த்தவர்கள். இதைப் படித்த அன்று நான் ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். என்னைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடைக்காது.

ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து சிறிது தொலைவில் நார்த்ஆம்ப்டன் ஊரின் ஸ்மித் மகளிர் கல்லூரியில் செண்டா பெரன்சன் என்ற உடற்கல்வி ஆசிரியை இருந்தார். லித்துவேனியாவில் பிறந்த யூதப் பெண். மறுமலர்ச்சி ஓவியங்களைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற பெர்னார்டு பெரன்சனின் தங்கை. இலக்கிய வாசகர்களுக்கு அண்ணனைத்தான் தெரிந்திருக்கும். இளமையில் நோஞ்சானாக இருந்ததால் உடல் தேற வேண்டும் என்று உடற்பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தவர் அதையே தொழிலாகக் கொண்டார். நெய்ஸ்மித்தின் ஆட்டத்தைப் பற்றிப் படித்ததும் தம் மாணவியரிடம் கொண்டுவந்தார். 1893 மார்ச் 22 அன்று இரண்டாமாண்டு மாணவியர் முதலாமாண்டு மாணவியரை 5க்கு 4 என்று வென்றார்கள். ஆண்களுக்கு அனுமதி இல்லை. தொடக்கத்தில் பந்தை மேலே எறியும்போது பெரன்சனின் கை தவறிப் பட்டு முதலாமாண்டு அணியின் நடு ஆட்டக்காரிக்குத் தோள் பிசகிவிட்டது. அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள்.

பெரன்சன் விதிகளை மாற்றினார். ஆடுகளத்தை மூன்று பகுதியாகப் பிரித்து, அவரவர் பகுதியை விட்டு எவரும் வெளியேறக்கூடாது என்றார். எதிரியின் கையிலிருந்து பந்தைப் பறிக்கக்கூடாது. மூன்று விநாடிக்குமேல் வைத்திருக்கக்கூடாது. மூன்று முறைக்குமேல் தட்டக்கூடாது. ஓடியாடினால் பெண்ணுடல் தாங்காது, பறித்தால் பெண்மை கெடும் என்று மருத்துவர்களும் பெற்றோர்களும் பேசிய காலம். கோடு போட்டுக் கொடுத்துத்தான் அவரால் கதவைத் திறக்க முடிந்தது. இதற்காக அவரைக் குறைசொல்பவர்கள் உண்டு, நான் சொல்லமாட்டேன். துரதிர்ஷ்டம் என்னவென்றால், கதவைத் திறப்பதற்காகப் போட்ட கோடு நூறு ஆண்டு அழியவில்லை. களத்தை இரண்டாகப் பிரித்து, மூவர் ஒரு பாதியிலும் மூவர் மறுபாதியிலும் மட்டுமே நடமாடும் ஆறுபேர் ஆட்டம், அயோவா மாநிலத்துப் பெண்கள் பள்ளிகளில் 1993 வரையிலும் ஓக்லஹோமாவில் 1995 வரையிலும் நீடித்தது. ஒலிம்பிக்கில் ஆண்களின் கூடைப்பந்து 1936இல் வந்தது. பெண்களுடையது 1976இல்.

நான் படித்த பள்ளியில் கோடுகூட இல்லை. விளையாட்டு வகுப்பில் பையன்கள் பந்தோடு மைதானத்துக்குப் போவார்கள். நாங்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவோம். ஆண்டுக்கொருமுறை டென்னிக்காய்ட் வளையம் ஒன்று வெளியே வரும். குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தடிப்பதை வகுப்பில் நயம்பட நடத்திய ஆசிரியையும் நாங்கள் மரத்தடியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபடிதான் கடந்துபோவார். சிலப்பதிகாரத்தில் கந்துகவரி பாடி மகளிர் பந்தாடுகிறார்கள். சங்கப் பாடல்களில் பந்து பெண்பிள்ளைகளின் பொருள். பாடத்தில் இருந்த பந்து கைக்கு வர எனக்கு நாற்பத்து மூன்று வயதாயிற்று.

நெய்ஸ்மித் 1898இல் மருத்துவப் பட்டத்தோடு கான்சாஸ் பல்கலைக்கழகம் போய், அங்கேயே எஞ்சிய காலத்தைக் கழித்தார். அந்தப் பல்கலைக்கழக அணியின் முதல் பயிற்சியாளர் அவர். வென்றவை 55, தோற்றவை 60. வெற்றியைவிடத் தோல்வி மிகுந்த பயிற்சியாளர் அதன் வரலாற்றில் அவர் ஒருவர்தான். தம் மாணவர் ஃபாக் ஆலன் பயிற்சியாளராகப் போவதாகச் சொன்னபோது, இந்த விளையாட்டை ஆடத்தான் முடியும், பயிற்றுவிக்க முடியாது என்றாராம். 1930களில் ஜான் மெக்லெண்டன் என்ற கறுப்பின மாணவர் அங்கே உடற்கல்வி பயின்றார். நிறத்தின் காரணமாகப் பல்கலைக்கழக அணியில் அவருக்கு இடமில்லை. நெய்ஸ்மித் அவரைத் தம் மாணவராக ஏற்று வழிகாட்டினார். மெக்லெண்டன் பின்னாளில் புகழ்பெற்ற பயிற்சியாளர்களுள் ஒருவரானார்.

1936இல் பெர்லின் ஒலிம்பிக்கைக் காண அமெரிக்கப் பயிற்சியாளர்கள் நிதி திரட்டி முதியவரை அனுப்பி வைத்தார்கள். இறுதியாட்டம் உள்ளரங்கில் அன்று. திறந்தவெளி டென்னிஸ் களத்து மண்ணில், கொட்டும் மழையில். அமெரிக்கா 19, கனடா 8. சேற்றில் பந்து எழும்பவே இல்லை. தட்டிக்கொண்டு ஓட முடியாமல், பிடித்த இடத்திலிருந்து ஒருவருக்கொருவர் எறிந்தே ஆடினார்கள். உட்கூடத்துக்கென்று செய்த ஆட்டத்தை மழையில் நனையவிட்ட அமைப்பாளர்கள், தம்மை அறியாமலே 1891ஆம் ஆண்டின் மூலபாடத்தை அதன் ஆசிரியருக்கு நிகழ்த்திக் காட்டிவிட்டார்கள். வென்றவர்களுக்குப் பதக்கம் அளித்தவர் அவரே. 1939 நவம்பர் 28 அன்று லாரன்ஸில் காலமானார். தம் வாழ்நாளில் கூடைப்பந்தைத் தாம் ஆடியது இரண்டே முறை என்று சொல்லியிருக்கிறார்.

நம் நாட்டுக்கு இது வந்ததும் ஸ்பிரிங்ஃபீல்டு வழியாகத்தான். முதல் ஆட்டத்தில் ஓர் அணிக்குத் தலைமை ஏற்ற டங்கன் பேட்டன் 1894இல் இந்தியாவில் அதை அறிமுகம் செய்தார் என்பது வரலாறு. சென்னையில் 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி குரோ பக், ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்றவர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துச் சென்றவரும் அவர். நந்தனத்து மரநிழலில் பயின்ற ஆசிரியர்கள் வழியே தமிழ்நாட்டுப் பள்ளி மைதானங்களுக்கு இந்த ஆட்டம் பரவியது. 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்ற சென்னையின் அனிதா பால்துரை வரை அந்தக் கொடி படர்ந்திருக்கிறது.

எனக்கு லே-அப் கற்றுக்கொடுப்பவள் இரண்டாமாண்டு பி.காம். மாணவி. என் வகுப்பில் கடைசிப் பெஞ்சு, சன்னல் ஓரம். ஒன்றரை ஆண்டில் அவள் வாய்திறந்து நான் கேட்டதில்லை. களத்தில் அவள்தான் ஆசிரியை. வலது கால், இடது கால், எழும்பு என்று அவள் எண்ணிக்கை சொல்ல, நான் இடது வலது மாறிப்போய்ப் பலகைக்கடியில் தடுமாறி நிற்பேன். பத்து முறை தவறினாலும் அவள் முகம் சுளிப்பதில்லை. என் வகுப்பில் நான் அத்தனை பொறுமையாக இருந்திருக்கிறேனா என்று நினைத்துக்கொள்வேன். வாத்துக்கல் ஆட்டத்தை அவளுக்குச் சொன்னேன். வேகமாக எறிந்தால் அகப்படுவார்கள், வளைத்து எறிந்தால் தப்புவார்கள் என்றதும், "அதாம்மா, ஆர்ச் வேணும்" என்றாள். வகுப்பில் என்னை அவள் இடைமறித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

நேற்று மாலை இருட்டும்வரை ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்று எறிந்தேன். இருபதில் மூன்று விழுந்தன. மூன்றாவது பந்து பலகையைத் தொடாமல் வளையத்துள் இறங்கி, அடியில்லாத கூடையின் வழியே நழுவி அவள் கைக்கே போய்ச் சேர்ந்தது. அதை எனக்குத் திருப்பி எறிந்துவிட்டு, "எல்போவை உள்ள வைங்கம்மா" என்றாள்.